கொபான்: யானை இல்லை, மறைந்த மக்களும் இல்லை

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ஹோண்டுராஸ் நாட்டில் கொபான் என்று ஒரு மாயா நகரம் இருக்கிறதாம். அங்கே கல்தூணில் யானையும் பாகனும் செதுக்கியிருக்கிறார்களாம். அதனால் அதைக் கட்டியவர்கள் நம் பக்கத்திலிருந்து போனவர்கள் என்றும், அப்புறம் ஊரையே ஒரே நாளில் காலி செய்துவிட்டு மாயமாய் மறைந்துவிட்டார்கள் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். எவ்வளவு உண்மை?"

கொபான் இருப்பது மட்டும் உண்மை; மாயாக்கள் என்பவர்கள் மத்திய அமெரிக்காவின் பழைய நாகரிக மக்கள். மற்றது எதுவும் உண்மையில்லை. ஆனால் இதைவிட நல்ல கதை அந்த ஊரிலேயே கிடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் யானை. அந்தத் தூண் கொபான் பெருஞ்சதுக்கத்தில் நிற்கிறது. ஆய்வாளர்கள் வைத்த பெயர் பி தூண். நட்ட ஆண்டு 731. அதன் உச்சியில் இரண்டு பக்கமும் நீண்டு வளைந்த ஏதோ ஒன்று இருக்கிறது. மம்மி ஆராய்ச்சியில் பேர்பெற்ற உடற்கூற்றியல் அறிஞர் கிராஃப்டன் எலியட் ஸ்மித், 1910களிலும் 20களிலும் இது துதிக்கைதான், இந்தியாவிலிருந்து போன கருத்துதான் என்று அடித்துச் சொன்னார். அன்றைக்கே மாயா ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், பக்கவாட்டில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்: அது வளைந்த அலகு, மேல்பகுதியில் மூக்குத்துளை, கண்ணைச் சுற்றி இறகு வரிசை. அந்தப் பள்ளத்தாக்கில் பறக்கும் பெரிய சிவப்பு மக்கா கிளிதான். அதே ஊரின் பந்தாட்டக் களத்துச் சுவர்களில் முழு உருவத்தோடு மக்கா கிளிகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டாலே போதும். பிற்பாடு எழுத்தைப் படிக்க முடிந்தபோது அந்தத் தூணிலேயே 'மக்கா மலை' என்று எழுதியிருப்பது தெரிந்தது. வழக்கு அத்தோடு முடிந்தது. காணொளிக்காரர்களுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

சரி, யார் கட்டினார்கள்? கொபான் இருப்பது மேற்கு ஹோண்டுராஸில், குவாத்தமாலா எல்லைக்குப் பக்கத்தில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில். மாயா உலகத்தின் தென்கிழக்கு ஓரம். கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே உழவர்கள் குடியிருந்தார்கள். ஆனால் கல்லில் எழுதிய அரச வம்சம் தொடங்குவது 426இல். 16 அரசர்கள், சுமார் 400 ஆண்டுகள். இந்தக் கணக்கை நமக்குத் தருவது க்யூ பலிபீடம் என்ற ஒரே ஒரு கல்.

நாலு அடி உயரச் சதுரக் கல். நாலு பக்கத்திலும் பக்கத்துக்கு நான்கு பேராக 16 பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதை வானியலாளர்களின் மாநாடு என்றே நம்பினார்கள். நாட்காட்டியைச் சரிசெய்யக் கூடிய அறிஞர்கள் கூட்டமாம்! மாயா எழுத்தில் தேதிகளை மட்டுமே படிக்க முடிந்த காலம் அது. அதனால் மாயாக்கள் வானத்தைத் தவிர வேறெதையும் எழுதாத சாந்தசீலர்கள் என்ற எண்ணம் பரவியிருந்தது. 1950களில் ரஷ்ய அறிஞர் யூரி க்நோரோசவ் அந்த எழுத்துகளில் ஒலி இருக்கிறது என்று காட்டினார். 1960இல் மாயா ஆய்வாளர் தத்தியானா புரோஸ்கூரியாகோஃப் கல்வெட்டுகளில் இருப்பது அரசர்களின் பிறப்பும் முடிசூட்டும் போரும் என்று நிறுவினார். அப்புறம் இந்தக் கல்லைப் பார்த்தால் எல்லாமே மாறிவிட்டது. பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருப்பது தங்கள் பெயரை எழுதிய எழுத்துகளின் மேல்தான். அதாவது இருக்கையே பெயர்ப்பலகை. மேற்குப் பக்கம் நடுவில் முதல் அரசர் கினிச் யாஷ் குக் மோ, தன் எதிரே இருக்கும் பதினாறாம் அரசர் யாஷ் பாசாஹ் கையில் ஒரு கோலைக் கொடுக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு தேதி, 763இல் யாஷ் பாசாஹ் பட்டமேற்ற நாள். இடையில் கிட்டத்தட்ட மூன்றரை நூற்றாண்டு. நடந்திருக்க முடியாத சந்திப்பு, அரசியலுக்காகச் செதுக்கிய சந்திப்பு.

இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. கொபான் அரசர்கள் எழுதி வைத்ததை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். ஆனால் அடியோடு தள்ளிவிட்டாலும் ஏமாந்துபோவோம். கல் சொல்வதை எலும்பையும் மண்ணையும் வைத்துச் சரிபார்க்க முடிகிற அபூர்வமான ஊர் இது.

முதல் அரசரையே எடுத்துக்கொள்ளுங்கள். பலிபீடத்தில் அவர் கண்ணைச் சுற்றி வளையம், வலது முன்கையில் சின்னக் கேடயம். கண்வளையம் மெக்சிகோவின் தியோத்திவாகான் நகரத்துப் பாணி. 776 வாக்கில் செதுக்கிய இந்த உருவத்தை வைத்து, 'இவர் பிற்காலத்தார் கற்பனை செய்த மூதாதை' என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதைத் தீர்த்துவைத்தது ஒரு விதத்தில் கொபான் ஆறுதான். பல நூற்றாண்டுகளாக ஆறு, அரண்மனையும் கோயில்களும் நின்ற மேட்டின் கிழக்குப் பக்கத்தை அரித்துக்கொண்டே போய், 30 மீட்டருக்கு மேல் உயரமான செங்குத்து வெட்டு ஒன்றை உண்டாக்கிவிட்டது. எத்தனையோ கட்டிடங்கள் ஆற்றோடு போயின. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தரைகளும் சுவர்களும் வெளியே தெரிந்தன. 1930களில் அமெரிக்காவின் கார்னெகி ஆய்வு நிறுவனத்தார் ஆற்றையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். 1980களின் இறுதியிலிருந்து அந்த வெட்டு வழியாகவும் மற்ற இடங்களிலிருந்தும் மேட்டுக்குள் சுரங்கம் தோண்டினார்கள், மொத்தம் சில கிலோமீட்டர் நீளத்துக்கு.

மாயாக்கள் பழைய கோயிலை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது குறைவு. மேல்பகுதியை உடைத்து, உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பி, அதையே அடித்தளமாக்கிப் பெரிதாகக் கட்டுவார்கள். அதனால் மேட்டுக்குள் போகப் போகக் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். பதினாறாம் எண் கோயிலுக்குள் 1989இல் ரிக்கார்டோ அகுர்சியா என்ற ஹோண்டுராஸ் ஆய்வாளர் கண்டது உடைக்கவே படாத ஒரு முழுக் கோயில். ரோசலிலா என்று பெயர் வைத்தார்கள். 6ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் கட்டியது, மூன்று நிலை, சுமார் 13 மீட்டர் உயரம். சுதைச் சிற்பங்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அப்படியே இருந்தன. மூடும்போது வெள்ளைச் சுண்ணாம்பைப் பூசி, சிற்பங்களின் இடுக்குகளில் மண்ணைக் கவனமாக அடைத்து, பிள்ளையைப் போர்த்துவதுபோல மூடியிருக்கிறார்கள். உள்ளே துணியில் சுற்றிய ஒன்பது தீக்கல் செங்கோல்கள் இருந்தன; ஒவ்வொன்றிலும் மனித முகங்களை அப்படியே கல்லைச் சில்லு சில்லாகத் தட்டியே உருவாக்கியிருக்கிறார்கள். உளியால் செதுக்கவில்லை, தட்டியே. அந்தக் கைத்திறனைப் படத்தில் பார்த்தாலே நம்ப முடியாது.

ரோசலிலாவுக்கும் கீழே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷேரர் குழு இன்னும் ஆழமாகப் போனது. எல்லாவற்றுக்கும் அடியில் ஹூனால் என்று பெயரிட்ட சின்னக் கட்டிடம். சரிந்த அடியும் நேர்ப்பலகையுமாக, தியோத்திவாகான் பாணிச் சுவர். அதன் தரைக்குக் கீழே ஒரு கல்லறை. கல் மேடையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு ஆண். பற்களில் பச்சைக்கல் பதித்திருந்தது. எலும்பை ஆராய்ந்த ஜேன் புயிக்ஸ்ட்ரா கண்ட முக்கியமான விஷயம்: உடம்பில் பல பழைய காயங்கள், அதில் வலது முன்கை முறிந்து சரியாகக் கூடாமலே ஆறியிருந்தது. அடி விழும்போது கையை உயர்த்தித் தடுத்தால் முறிகிற இடம் அது. பலிபீடத்தில் கேடயம் கட்டியிருக்கும் அதே கை! பற்களிலும் எலும்புகளிலும் இருந்த ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளை, அதாவது வாழ்ந்த ஊரின் உணவும் நீரும் உடம்பில் விட்டுச்செல்லும் வேதித் தடயத்தைப் பார்த்தால், அவர் சிறுவயதில் வளர்ந்தது கொபானில் இல்லை, வடக்கே உள்ள மாயா தாழ்நிலத்தில். பலிபீடத்தின் மேல்பக்க எழுத்தும் அதைத்தான் சொல்கிறது: 426 செப்டம்பரில் வேறோர் இடத்தில் ஆட்சிச் சின்னம் பெற்று, ஐந்து மாதம் கழித்து 427 பிப்ரவரியில் கொபான் வந்து சேர்ந்தார் என்று. மூன்றரை நூற்றாண்டுக்கு அப்புறம் செதுக்கிய கல், வந்தேறி அரசர் என்ற செய்தியைச் சரியாக வைத்திருந்திருக்கிறது.

பக்கத்திலேயே மார்கரீட்டா என்ற கல்லறை. அதில் இருந்தது ஒரு பெண், பெரும்பாலும் அவருடைய அரசி. உடல் முழுக்கப் பாதரசச் சிவப்புப் பொடி, ஆயிரக்கணக்கில் மணிகள். மாயா நாட்டில் கிடைத்த பெண் கல்லறைகளில் இவ்வளவு செல்வம் நிறைந்தது அபூர்வம். இந்த அம்மையாரின் ஐசோடோப்பு உள்ளூரையே காட்டியது. வெளியூர் வீரன், உள்ளூர்ப் பெண், புது வம்சம். எங்கேயும் நடக்கிற கதைதான்.

அப்புறம் பதின்மூன்றாம் அரசர். பெயர் வாஷக்லாஹூன் உபாஹ் கவீல். பழைய நூல்களில் 'பதினெட்டு முயல்'. 695இல் பட்டத்துக்கு வந்தார். பெருஞ்சதுக்கத்துத் தூண்களில் பெரும்பாலானவை இவர் நட்டவையே. பிற மாயா நகரங்களில் சுண்ணாம்புக்கல், அதனால் சிற்பங்கள் தட்டையாக இருக்கும். கொபானில் கிடைப்பது பச்சை சாயலுள்ள எரிமலைச் சாம்பல் கல். வெட்டும்போது மென்மை, நடுவில் மட்டும் அங்கங்கே கடினமான உருண்டைகள். சிற்பிகள் கிட்டத்தட்ட முழு உருண்டையாகவே அரசரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஏ தூணில் அந்தக் காலத்தின் நான்கு பெரிய அரசுகளாகக் கொபான், திக்கால், கலக்முல், பலெங்கே என்று எழுதியிருக்கிறார். தன் ஊரையும் சேர்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

738 ஜனவரியில் பந்தாட்டக் களத்தைப் புதுப்பித்துத் திறந்தார். நான்கு மாதத்துக்குள் ஆள் காலி. சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே மோத்தாகுவா ஆற்றங்கரையில் கிரிகுவா என்ற சின்ன ஊர். அதன் அரசர் காக் டிலிவை 725இல் பட்டத்தில் உட்காரவைத்தவரே இந்தப் பதின்மூன்றாமவர்தான். மோத்தாகுவா பச்சைக்கல் கிடைக்கும் பள்ளத்தாக்கு, கடலுக்குப் போகிற வணிகப் பாதை. கலக்முல் பேரரசின் ஆதரவு கிரிகுவாவுக்குக் கிடைத்ததற்கான குறிப்பு அந்த ஊர்க் கல்லிலேயே இருக்கிறது. 738 மே மாதத் தொடக்கத்தில் சிற்றரசர் காக் டிலிவ், தன்னைப் பட்டத்தில் உட்காரவைத்த பதின்மூன்றாமவரையே பிடித்துத் தலையை வெட்டிவிட்டார். இதைக் கிரிகுவா கல் ஒன்றுக்குப் பலமுறை பெருமையாகச் சொல்கிறது. கொபான் கல்லோ, நம் அரசர் போரில் உயிர் துறந்தார் என்ற பாணியில் கௌரவமாக முடித்துக்கொள்கிறது. ஒரே சாவு, இரண்டு செய்தி அறிக்கை. மண்ணைத் தோண்டினால் கொபானில் அந்த ஆண்டில் எரிப்போ இடிப்போ நடந்த தடயமே இல்லை. ஆக, நகரம் தாக்கப்படவில்லை. அரசர்தான் வெளியில் மாட்டிக்கொண்டார். ஆனால் கௌரவம் போனது. அடுத்த 17, 18 ஆண்டுகள் கொபானில் ஒரு தூண்கூட எழவில்லை. கிரிகுவாவிலோ 771இல் 10 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைக்கல் தூண் எழுந்தது. மாயாக்கள் நட்டதிலேயே பெரியது அது.

பதினைந்தாம் அரசர் இதற்குக் கொடுத்த பதில்தான் எழுத்துப் படிக்கட்டு. 60க்கும் மேற்பட்ட படிகள், அகலம் 10 மீட்டர் அளவு, சுமார் 2,200 எழுத்துகள். பண்டைய அமெரிக்காவில் இதைவிட நீளமான கல்வெட்டு கிடையாது. முதலில் பதின்மூன்றாமவர் 710இல் தொடங்கிய படிக்கட்டை 755 வாக்கில் நீட்டிப் பெரிதாக்கினார். சொல்வது வம்சத்தின் வரலாறு. 'ஒரு தலை போனால் என்ன, பரம்பரை இருக்கிறது' என்பதுதான் உட்பொருள். உள்ளே பன்னிரண்டாம் அரசரின் கல்லறை, அதை ஒட்டிப் பன்னிரண்டு மண் தூபக்கலங்கள், ஒவ்வொரு மூடியிலும் ஒரு உருவம்.

இந்தப் படிக்கட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்று படத்தில் பார்க்கும் வரிசை, மாயாக்கள் வைத்த வரிசை இல்லை. கட்டிடம் சரிந்து மேல்படிகள் உருண்டுவிட்டன. கீழ்ப்படிகள் கொஞ்சம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. 1890களில் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தார் தோண்டினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஓவன்ஸ் 1893இல் காய்ச்சலில் இறந்து அங்கேயே சதுக்கத்தில் புதைக்கப்பட்டார். 1930களில் கார்னெகி குழு, கற்களை மேலே ஏற்றிச் சிமெண்ட் வைத்துக் கட்டிவிட்டது. எழுத்தைப் படிக்கத் தெரியாத காலம்; கிடைத்த கல்லைக் கிடைத்த இடத்தில் வைத்தார்கள். பாதி புத்தகத்தைக் கலைத்துப் போட்டு ஒட்டிய கதை. அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர்கள் கட்டாமல் விட்டிருந்தால் பல கற்கள் மழையிலும் திருட்டிலும் போயிருக்கும். பிற்பாடு பார்பரா ஃபேஷ், டேவிட் ஸ்டூவர்ட் போன்றவர்கள் பழைய பீபடி புகைப்படங்களை வைத்து, எந்தக் கல் எங்கே கிடந்தது என்று பார்த்துப் பார்த்துத் தாளிலேயே வரிசையை மீட்டார்கள். 1980களிலிருந்து படிக்கட்டுக்கு மேலே பந்தல்போலக் கூரை போட்டிருக்கிறார்கள்.

இனி 'ஒரே நாளில் காலி' விஷயம். கடைசிப் பெரிய அரசர் யாஷ் பாசாஹ். க்யூ பலிபீடத்துக்குப் பின்னால் அவர் பலிகொடுத்த பெரும்பூனைகளின் எலும்புக்குழி இருக்கிறது. முன்னோர் ஒருவருக்கு ஒன்றாக 15 ஜாகுவார்கள் என்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வில் அதில் ப்யூமாக்களும் கலந்திருப்பது தெரிந்தது. சில விலங்குகள் அடைத்து வைத்து மனிதர் போட்ட தீனியில் வளர்ந்தவை. அந்த மலைகளில் இத்தனை ஜாகுவார்களை ஒரே சமயத்தில் பிடிப்பது நடக்கிற காரியமா? ஆடம்பரத்துக்குப் பின்னால் இருந்த சிரமம் இதில் தெரிகிறது. அதே காலத்தில் லாஸ் செபுல்தூராஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் பிரபுக்கள் தங்கள் வீட்டுத் திண்ணைகளில் எழுத்துகளைச் செதுக்கிக்கொண்டார்கள். முன்பு அது அரசருக்கு மட்டுமே இருந்த உரிமை. அதிகாரம் கைமாறுகிறது, அல்லது பங்குபோகிறது.

822ஆம் ஆண்டுக்குரிய எல் பலிபீடம் அடுத்த ஆளைக் காட்டுகிறது: உகிட் டோக். க்யூ பலிபீடத்தையே பார்த்துச் செய்த நகல். ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் வேலை தொடங்கியிருக்கிறது. மற்ற பக்கங்கள் வெறுமை. சிற்பி ஏன் நிறுத்தினான் என்பதற்கு எந்தக் கல்லும் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் கொபானில் அரசர் பெயர் எழுதிய கல் இல்லை. அரச மாளிகைகள் சில எரிந்த தடயம் உண்டு.

நின்றது அரசு. மக்கள் உடனே போய்விடவில்லை. உச்சத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் 20,000 பேருக்கு மேல் இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கருவிகளில் காலப்போக்கில் நீர் ஊறும் படலத்தை அளந்து, மக்கள்தொகை பல தலைமுறைகளாகச் சிறுகச் சிறுகக் கரைந்தது என்றார்கள் ஆய்வாளர்கள் டேவிட் வெப்ஸ்டரும் ஆன்கோரின் ஃப்ரெட்டரும். அந்த அளவீட்டு முறையை நம்பாதவர்கள், அவ்வளவு காலம் எடுக்கவில்லை, வீடுகள் சீக்கிரமே காலியாகி, பின்னால் வேறு ஆட்கள் பழைய கற்களை எடுத்துச் சின்ன வீடுகள் கட்டினார்கள் என்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் 'ஒரே நாள்' வராது.

காரணம் என்ன? காட்டை அழித்தார்கள், மண் அரித்தது, பட்டினி என்பது பாடப்புத்தகப் பதில். 1980களில் ஒரு சதுப்பு நிலத்து மகரந்தப் பொடியை வைத்து அப்படித்தான் சொன்னார்கள். சுண்ணாம்பு சுடவே எவ்வளவு விறகு வேண்டும்! பிற்காலக் கொபானில் கனமான சுதைக்குப் பதிலாகக் கற்சிற்பம் வந்ததற்கும் விறகுப் பஞ்சம்தான் காரணம் என்ற வாதம் உண்டு. ஆனால் 2010இல் கேமரன் மெக்நீல் குழு இன்னும் நீளமான வண்டல் மாதிரியை எடுத்துப் பார்த்தது. காடு அதிகம் அழிந்தது அதற்கு வெகு காலம் முன்பு, கி.மு. 900 வாக்கிலும் வம்சம் தொடங்கிய 5ஆம் நூற்றாண்டிலும்தான். கடைசிக் காலத்தில் மரங்கள் கூடியே இருந்தன. சுற்றுச்சூழல் பாடம் சொல்ல வசதியாக இருந்த கதை சற்று ஆட்டம் கண்டுவிட்டது. எலும்புகளில் சத்துக்குறைவும் நோயும் தெரிகின்றன. மாயா தாழ்நில ஏரி வண்டல்களில் 9ஆம் நூற்றாண்டு வறட்சி தெரிகிறது. என் கணிப்பு: மன்னராட்சி முறையே நம்பிக்கையை இழந்ததுதான் முதல் அடி. மழையும் நிலமும் பிரபுக்களின் போட்டியும் அதைத் தாங்கவிடாமல் செய்தன. வடக்கே மெக்சிகோவின் யூகத்தானில் சிச்சென் இட்சாவும் பிற்பாடு மாயாபானும் என்ற மாயா நகரங்கள் செழித்தன என்பதையும் மறக்கக்கூடாது. சுதந்திரமாக இருந்த கடைசி மாயா அரசு ஸ்பெயினிடம் விழுந்தது 1697இல்தான்.

வெளியுலகுக்கும் கொபான் புதிதாகக் 'கண்டுபிடிக்கப்பட்டது' இல்லை. 1576லேயே தியேகோ கார்சியா தெ பலாசியோ என்ற ஸ்பானிய அதிகாரி தன் அரசருக்கு இந்த இடிபாடு பற்றிக் கடிதம் எழுதினார். 1839இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ஜான் ஸ்டீபன்ஸும் ஓவியர் ஃபிரடெரிக் கேதர்வுட்டும் வந்தார்கள். நிலத்துக்காரருக்கு 50 டாலர் கொடுத்து இடத்தை வாங்கியதாக ஸ்டீபன்ஸே எழுதியிருக்கிறார். சேற்றில் நின்றுகொண்டு, கொசுவுக்குக் கையுறை போட்டுக்கொண்டு கேதர்வுட் வரைந்தார். முதலில் அந்தச் சிற்பப் பின்னல் அவர் கைக்கே வசப்படவில்லையாம். இவற்றைக் கட்டியவர்கள் எகிப்தியரோ வேறு யாரோ இல்லை, இந்த மண்ணின் மக்களே என்று ஸ்டீபன்ஸ் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார். எலியட் ஸ்மித்துக்கு எண்பது ஆண்டு முன்பே.

அந்த மண்ணின் மக்கள் மறையவும் இல்லை. கொபானைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் சோர்த்தி மாயாக்கள் வாழ்கிறார்கள். கல்வெட்டுகளில் உள்ள மொழி, சோர்த்திக்கு நெருங்கிய உறவு. எழுத்தைப் படித்தவர்களுக்கு அந்த மொழி பெரிய துணை. ஆனால் நல்ல ஆற்றங்கரை நிலம் அவர்கள் கையில் இல்லை. 1990களின் பிற்பகுதியில் நிலம் கேட்டு, சுற்றுலாப் பயணிகள் நுழையும் இடிபாடுகளின் வாயிலையே மறித்துப் போராடினார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவர் 1997இல் கொல்லப்பட்டார். அரசு நிலம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டது. கொடுத்தது சொன்னதைவிடக் குறைவு, அதுவும் தாமதமாக.